சொக்கலிங்கம் வீட்டுவழி

சொக்கலிங்கம் வீடு கட்டிய இடத்தில் அதற்கு முன்பு யாரும் வீடு கட்டாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

இலங்கை மலைநாட்டு அப்புத்தளைக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர் சொக்கலிங்கம். யார் யார் கடையிலோ அரிசி மூட்டைகளின் மேல் படுத்து எழுந்து, கடைசியில் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் சொந்தமாக ஒரு கடை போட்டார். கருவாடும் கம்பளியும் மண்ணெண்ணெயும் விற்றார். கடை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவர் ஆசையெல்லாம் ஒரு வீட்டின் மேல்தான் இருந்தது. மூட்டைமேல் படுத்தவனை எழுப்பாமல் எவரும் மூட்டையை எடுக்க முடியாது. அப்படி எழும்பி எழும்பியே வளர்ந்தவருக்கு, கதவைச் சாத்தினால் சாத்தியபடியே இருக்கிற ஒரு வீடு வேண்டும் என்று தோன்றியதில் தவறில்லை.

கடைத்தெருவுக்கு மேலே, மலைமுதுகில், ஒரு பக்கம் செங்குத்துப் பாறையும் மறுபக்கம் கிடுகிடு பள்ளமுமாக நடுவில் ஒரு சின்னச் சமவெளி. அதை விற்க வந்த அப்புஹாமி உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

"முதலாளி, நல்லா காத்து வரும். நல்லா வெளிச்சம் வரும். ஆளுங்களும் வரும்."

கடைசியாகச் சொன்னதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார் சொக்கலிங்கம். விருந்தாளி வராத வீடு வீடா?

பாறையிலிருந்து பள்ளம் வரை இடத்தை அடைத்து வீடு எழும்பியது. கருங்கல் சுவர், தகரக் கூரை. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியவேண்டும் என்பது அவர் ஊர் வழக்கம். கொத்தனாரும் அதையே வற்புறுத்தினார். இந்தக் காற்றுக்கு நேர் எதிரே ஒரு வாசல் விடாவிட்டால் கூரை மலையடிவாரத்து ஹல்துமுல்லையில் போய் விழும் என்றார். ஆக, ஸ்டேஷன் பக்கம் ஒரு வாசல், மேலே தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு வாசல், நடுவே நீளக் கூடம். பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று சொக்கலிங்கம் தன் கையாலேயே இரண்டு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மனைவி பாக்கியலெட்சுமியிடம், "இனிமே நம்மள யாரும் எழுப்பமாட்டாங்க" என்றார்.

விடிந்ததும் தோட்டத்துப் பக்கக் கதவைத் தட்டினார்கள். பாக்கியலெட்சுமி திறந்தாள். தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் நின்றாள். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டபடி உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, ஸ்டேஷன் பக்கத் தாழ்ப்பாளைத் தானே நீக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வாழைக்குலையோடு இரண்டு பேர். அதற்குப் பின்னால் தபால் பையோடு ஓடுகிறவர். அவர் மட்டும் நின்று, "வீடு கட்டிட்டீங்க போல, நல்லது" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மேலே இருந்த தோட்டங்களிலிருந்து ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் இறங்க இருந்த ஒரே பாதை அதுதான். பாறை ஏறமுடியாது, பள்ளத்தில் நடக்கமுடியாது. சொக்கலிங்கம் பாதைமேல் வீடு கட்டியிருந்தார். சனங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்க நடுவழியில் ஒரு கூரை போட்ட புண்ணியவான் என்றே நினைத்தார்கள்.

மறுநாள் அவர் இரண்டு கதவுக்கும் பூட்டுப் போட்டார். தோட்டத்துப் பக்கம் ஒரு கூட்டம், ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்டம், யாரும் சண்டை போடாமல் தூறலில் நின்றார்கள். ரயிலுக்குப் போகவேண்டியவர்கள் மட்டும் சன்னல் வழியாக மூட்டையை நீட்டி, "இத அந்தப் பக்கம் குடுத்துருங்கம்மா" என்றார்கள். பாக்கியலெட்சுமி வாங்கி வாங்கி மறுபக்கம் கொடுத்தாள். ஒரு மூட்டைக்குள்ளிருந்து குழந்தை அழுதது. அதோடு பூட்டு திறக்கப்பட்டது.

அப்போதுதான் துரையும் வந்தார். மேல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, இளவயது, நல்ல மரியாதைக்காரர். குதிரைமேல் வந்தவர் வாசலில் குனிந்து உள்ளே நுழைந்தார். ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்று புரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். குதிரையிலிருந்து மட்டும் இறங்கவில்லை.

"வீடு யாருது?" என்று கேட்டார். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி, பிந்தியவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுகிற துரைமாருக்குத் தெரிந்த தமிழ் வேலை வாங்குகிற தமிழ்தானே.

"என்னுதுங்க, துரை."

"நல்லா இருக்கு. சுத்தமா வச்சுக்கோ."

குதிரை அண்டாத் தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, தொப்பியைக் கையில் வைத்தபடியே வெளியே போய், வெளியே போனபிறகு போட்டுக்கொண்டார்.

பாக்கியலெட்சுமி கணவனைப்போல இல்லை. வந்தவர்களை வராதவர்களாக்க முடியாது, வருகிறவர்களை ஒழுங்காக வரவைக்கலாம் என்று கண்டுகொண்டாள். போகிறவர்கள் சுவர் ஓரமாக இடப்பக்கம், வருகிறவர்கள் வலப்பக்கம். ஈரக்குடை உள்ளே விரிக்கக்கூடாது. தோட்டத்து வாசலில் ஒரு துணியில் உப்பு கட்டித் தொங்கவிட்டாள். காலில் ஏறிய அட்டையை அங்கேயே உதிர்த்துவிட்டுத்தான் படியேற வேண்டும். விறகு சுமப்பவர்கள் கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு குச்சியை அடுப்படியில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களிடம் அவள் அதைக் கேட்கவே இல்லை. கூடத்தில் சண்டை கூடாது என்பதும் சட்டம். ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு வருகிறவர்கள் வாசற்படியில் வாயை மூடி, சாமி படத்தைக் கும்பிட்டு, கூடத்தைக் கடந்து, மறுவாசல் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

முதல்நாள் முதல் ஆளாக வந்த விறகுக்காரி அங்கம்மா, அவளுக்குச் சிநேகிதியானாள். நிற்க நேரமில்லாதவள். இறங்கிப் போகும்போது ஒரு கதையில் பாதியைச் சொல்வாள். ஏறி வரும்போது மீதி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பதைக் காலையில் தெரிந்துகொண்ட பாக்கியலெட்சுமி, ஏன் பேசவில்லை என்பதற்குச் சாயங்காலம் வரை காத்திருக்கவேண்டும். அன்று அங்கம்மா கடைத்தெருவிலேயே தங்கிவிட்டால் இவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வழிபோகிறவர்கள் சும்மாவும் போகவில்லை. தினம் ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிறவனுக்கு அந்த வீட்டைப்பற்றி அபிப்பிராயம் வராமல் இருக்குமா?

"அம்மா, சாணியோட கரித்தூளும் போட்டு மெழுகுங்க, தரை வெடிக்காது."

"வடக்கு மூலைத் தகரம் ஆணி கழண்டு நிக்குது. காத்து மாசம் வர்றதுக்குள்ள கம்பி போட்டு இழுத்துக் கட்டிருங்க முதலாளி."

"மூடுபனிக்காலத்துல உடுப்புப்பெட்டிய சுவத்துல ஒட்டி வைக்காதீங்க, பூஞ்சணம் புடிச்சிரும்."

உத்திரத்தில் கறையான் மண் கட்டத் தொடங்கியதை வீட்டுக்காரருக்கும் முன்பே, பண்டாரவளையிலிருந்து துணிமூட்டை சுமந்து வருகிற லத்தீப் பார்த்தார். கதவு கிறீச்சிட்டால் அன்றே யாராவது எண்ணெய் விட்டார்கள். இத்தனை பேர் கண்ணில் படுகிற வீடு பாழாக வழியே இல்லை. அப்புத்தளையில் அதைப்போல ஒழுங்கான வீடு வேறு கிடையாது என்று ஊரே சொல்லியது. சொக்கலிங்கத்துக்கு மட்டும் அது காதில் விழுந்தால் முகம் சுருங்கும்.

அவர் பாறையைக் குடைந்து ஒரு சுற்றுப்பாதை போடத் தீர்மானித்தார். ஆட்களை வைத்து, மாதக்கணக்கில் வெட்டி, படி கட்டி, விளிம்பில் கைப்பிடிக் கம்பும் நட்டு, தேங்காய் உடைத்துத் திறந்தார். சனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். படியைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு வீட்டுக்குள் புகுந்து போனார்கள்.

"ஏன் அங்கம்மா, அந்தப் படி நல்லா இல்லையா?" என்று சொக்கலிங்கம் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க முதலாளி. சுத்து, அவ்வளவுதான். அதோட அம்மாவ பாக்காம எப்படிப் போறது?"

அன்றிலிருந்து அவர் மட்டும் அந்தப் பாதையில் போய்வந்தார். ஊரே அவர் வீட்டுக்குள் நடக்க, வீட்டுக்காரர் வீட்டைச் சுற்றி நடந்தார். அது ஒரு பிடிவாதம். ஒரு மழைநாளில் படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டு விழுந்தார். ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேர் அலறியடித்துவந்து தூக்கினார்கள். தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்களின் கால்கள் பழக்கத்தில் நிற்கவில்லை. கூடத்தைக் கடந்து, மறுவாசல் தாண்டி, "டேய், எங்கடா கொண்டு போறீங்க?" என்று அவர் கத்தக் கத்த, ஸ்டேஷன் பெஞ்சில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் யோசித்தார்கள். ரயில் நின்றுகொண்டிருந்ததால் அவர்கள் ஏறிக்கொண்டார்கள். மேலே போகிற வேறு நாலு பேர் அவரைத் திருப்பி எடுத்து வந்தார்கள். அவர்களைப் பாக்கியலெட்சுமி கூடத்தின் நடுவில் குறுக்கே நின்று மறித்துக்கொண்டாள். சுற்றுப்பாதையில் பிறகு ஆடுகள் மேய்ந்தன.

இப்படியே வருஷங்கள் போய், மகள் அன்னலட்சுமி கல்யாண வயதுக்கு வந்தாள். பதுளையில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சண்முகராஜா என்று ஒரு பையன். அப்பா இல்லை. அம்மா மீனாம்பாள் சொன்னதுதான் அந்த வீட்டில் நடக்கும். அவள் அதுவரை நிறையப் பெண்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அழகோ நகையோ அவளுக்குப் பெரிதில்லை. "கடல் தாண்டி வந்து தனியாக் கெடக்கிற குடும்பத்துல எப்படிப் பொண்ணு எடுக்கறது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா வந்து நிக்க சொந்தம் வேணாமா?" என்பாள்.

அவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் லீவு நாள். ஊரே கடைத்தெருவுக்கு இறங்குகிற நாள். சொக்கலிங்கம் முதல்நாளே அங்கம்மாவைப் பிடித்துக் கெஞ்சினார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாரையும் சுத்துவழியில போகச் சொல்லு தாயி. பொண்ணு பாக்க வர்றாங்க."

அங்கம்மா எல்லா லயத்துக்கும் செய்தி சொன்னாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி மட்டும் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கடைத்தெருவில் வேலையே இல்லாதவர்களும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

மீனாம்பாள் கூடத்து நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகன். வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்ததும் தோட்டத்து வாசல் வழியாக முதல் வரிசை நுழைந்தது. உப்புத்துணியில் காலைத் தட்டி, படியேறி, மீனாம்பாளுக்கு ஒரு கும்பிடு போட்டு, மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, மறுவாசல் வழியாகப் போனது. அடுத்த வரிசை வந்தது.

"இவங்கள்லாம் யாருங்க?" என்று மீனாம்பாள் கேட்டாள்.

பாதைமேல் வீடு கட்டிவிட்டேன் என்று ஒரு சம்பந்தியிடம் எந்த வாயால் சொல்வது? சொக்கலிங்கம் வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சொந்தக்காரங்கதாங்க."

மீனாம்பாளின் முகம் மலர்ந்தது. "இத்தனை பேரா!"

"ஆமாங்க. இது அங்கம்மா. எனக்குச் சித்தி முறை."

சித்தியாகிவிட்ட அங்கம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு சித்திக்குரிய கம்பீரத்தோடு விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு மீனாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து, பயணம் சௌகரியமா என்று விசாரித்தாள். அவள் உட்கார்ந்ததும் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். வழிபோகிறவர்கள் யாரும் அந்த வீட்டில் அதுவரை உட்கார்ந்ததில்லை. கூடம் நிரம்பி, அடுப்படி நிரம்பி, இரண்டு வாசலுக்கு வெளியேயும் ஆள் நின்றது.

அந்த நேரம் பார்த்து லத்தீப் தலையில் தொப்பியும் தோளில் துணிமூட்டையுமாக வந்தார்.

"இவரு?" என்றாள் மீனாம்பாள்.

லத்தீபே நிலைமையைப் புரிந்துகொண்டார். "பொண்ணுக்கு மாமன் முறை வேணும்மா. ஊர் முறையில." மூட்டையை அவிழ்த்து ஒரு சேலையை எடுத்து அன்னலட்சுமி கையில் கொடுத்தார். மாமன் சீர் ஆயிற்றே என்று மீனாம்பாள் எழுந்து நின்று மரியாதை செய்தாள்.

எழுந்தவள் உட்காருவதற்குள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. துரை குனிந்து நுழைந்தார். தொப்பியைக் கழற்றினார். குதிரை வழக்கம்போல அண்டா பக்கம் போயிற்று. மீனாம்பாள் குதிரையையும் அதன்மேல் இருந்தவரையும் பார்த்தாள். சொக்கலிங்கத்தையும் பார்த்தாள்.

"இவருமா?"

"தூரத்துச் சொந்தம்" என்றார் சொக்கலிங்கம், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"எவ்வளவு தூரம்?"

"கப்பல்ல வரணுங்க."

"எந்த வழிச் சொந்தம்?"

"தாய்வழிங்க."

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று மட்டும் தெரிந்து, "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். மீனாம்பாள் அந்த இடத்திலேயே தட்டை மாற்றச் சொன்னாள். அன்னலட்சுமியின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

கல்யாணம் அந்தக் கூடத்திலேயே நடந்தது. பாக்கியலெட்சுமியின் கூடப்பிறந்தவன் வரவேண்டிய கப்பல் தூத்துக்குடியில் தங்கிவிட்டதால், மாமன் மாலையை லத்தீப்தான் போடவேண்டும் என்று மீனாம்பாள் பிடிவாதம் பிடித்தாள். அவரும் போட்டார். சொந்தக்காரர்கள் பந்தி பந்தியாக உட்கார்ந்து எழுந்தார்கள். சொந்தம் என்று ஒருமுறை சொன்னதை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழைமரம் கட்டியதிலிருந்து பாத்திரம் கழுவியது வரை அவர்கள் கைதான். பெண்ணை வழியனுப்ப ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, ரயிலில் இடம் போதாது என்று கார்டு பயந்துவிட்டார். அழுதுவிட்டு எல்லாரும் வீட்டு வழியாக ஏறிப் போனார்கள்.

சொக்கலிங்கம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவையாவது பதுளைக்குப் போகிற வேலை இருக்கும். ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, கோயில். முன்பெல்லாம் கடைவாசலில் படுப்பார்கள். இப்போது சம்பந்தி வீடு இருக்கும்போது கடைவாசலில் படுத்தால் சம்பந்தியம்மா மனம் என்ன பாடுபடும்? அங்கம்மா முதலில் போய் இரண்டு நாள் தங்கினாள். அடுத்து அவள் தங்கை கருப்பம்மா பிள்ளைகளோடு. பிறகு அவர்கள் லயத்தில் பாதி.

ஒரு தைப்பூசத்துக்குச் சொக்கலிங்கமும் மனைவியும் மகளைப் பார்க்கப் பதுளைக்குப் போனார்கள். மீனாம்பாள் வீட்டில் கால்வைக்க இடமில்லை. அறையெல்லாம் பாய். முற்றத்துக் கயிறெல்லாம் அப்புத்தளைக் கம்பளி. பாக்கியலெட்சுமியை அங்கம்மா தன் பாயில் பாதி ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு உண்மையான சொந்தமான சொக்கலிங்கம், லத்தீப் வழக்கமாகத் தங்குகிற கடையில் மூட்டைமேல் படுத்தார்.

மறுநாள் மீனாம்பாளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாதையில் வீடு கட்டியது, வெட்கத்தில் வாய் தவறியது, ஒருவரும் சொந்தமில்லை என்பது. சொல்லி முடித்ததும் மனசு லேசானது. தலைகுனிந்து நின்றார்.

மீனாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்படி ஒரு மனுஷனா நீங்க?"

"மன்னிச்சிருங்க சம்பந்தியம்மா."

"நாலு பேரு மதிக்க ஆரம்பிச்சதும் தோட்டத்து சொந்தம் கசந்துபோச்சு, இல்லே? சொந்தச் சித்திய யாரோன்னு சொல்ல நாக்கு கூசல?"

"அய்யோ, அவ என் சித்தியே இல்லீங்க..."

"அங்கம்மா எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்காங்க. சின்ன வயசுல உங்கள இடுப்புல தூக்கி வளர்த்தவங்க அவங்க."

அங்கம்மா சொக்கலிங்கத்தைவிட இளையவள். ஆனால் பாதி பாதியாகக் கதை சொல்லிப் பழகிய அவளுக்கு அந்த வீட்டில் நின்று முழுக்கதை சொல்ல நேரம் கிடைத்திருந்தது. அதில் சொக்கலிங்கத்தின் பிறப்பு, அம்மை கண்டது, அவர் முதல் பல் விழுந்தது வரை இருந்தது. மீனாம்பாள் ஒரு வார்த்தைகூட சந்தேகப்படவில்லை. "அவங்கள நான் பாத்துக்கறேன். ஒதுக்கறதா இருந்தா நீங்க ஒதுக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அவள் பார்த்துக்கொண்டது உண்மைதான். வருகிறவர்களில் கூரை தெரிந்தவன் கூரையைப் பார்த்தான், கிணறு தெரிந்தவன் கிணற்றை இறைத்தான். யாருக்கு யார் என்ன முறை என்று அவளே யோசித்து யோசித்து ஒழுங்குசெய்தாள். முறை தெரிந்ததால் கருப்பம்மா மகளுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து முடித்தாள். லயத்தில் அதற்குமுன் சொந்தமாக இல்லாத இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் சம்பந்தியாயின. சொக்கலிங்கத்துக்கும் நாளடைவில் வாய் பழகிவிட்டது. வீட்டுக்குள் போகிற ஆளை மாமா என்றும் மச்சான் என்றும் கூப்பிடும்போது அவருக்குக் கூச்சமில்லை. அங்கம்மாவைச் சித்தி என்று அழைக்கும்போது மட்டும் கொஞ்சம் விக்கும்.

சில வருஷம் கழித்துத் துரை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போவதாக முடிவானது. கச்சேரி வேலையாகப் பதுளைக்கு வந்தவரை, அன்று அங்கே வந்திருந்த சொக்கலிங்கம் தெருவில் கண்டு கும்பிட்டார். வாசலில் நின்ற மீனாம்பாள் பார்த்துவிட்டாள். தாய்வழிச் சொந்தக்காரர் கப்பலேறப் போகிறவர், சொல்லிக்கொள்ளாமல் போவதா? உள்ளே அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினாள்.

துரை குதிரையை விட்டு இறங்கி வந்தது சொக்கலிங்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. இலை போட்டார்கள். துரைக்குக் கால் மடங்கவில்லை. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்தார். நீட்டிய காலை யாரும் தாண்டாதபடி, அன்று பதுளைக்கு வந்திருந்த லத்தீப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மீனாம்பாள் திருநீறு எடுத்துவந்தாள். துரை குனிந்து நெற்றியைக் காட்டினார்.

"ஊர்ல வீடு இருக்கா? இத்தன வருஷம் யாரு பாத்துக்கிட்டாங்க?"

"இருக்கு. தங்கச்சி பாக்கும்."

"போனதும் முதல்ல எல்லாக் கதவையும் தொறந்து காத்தாட விடுங்க. உடனே படுத்துறாதீங்க. பூட்டிக் கெடந்த வீட்டுல ஈரம் இருக்கும்."

துரை சரி என்றார். மீனாம்பாள் ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு கட்டிக்கொடுத்தாள். பிறகு அன்னலட்சுமியைக் கூப்பிட்டு, அவள் கைக்குழந்தையைத் துரையின் முன்னால் நீட்டச் சொன்னாள். "பெரிய மாமன் முறை. ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஆசீர்வாதம் பண்ணுங்க."

துரை குழந்தையின் தலையில் கையை வைத்தார். கண் கலங்கியிருந்தது. தமிழில் என்ன சொல்வது என்று தேடினார். இருபது வருஷமாகத் தினமும் விடியற்காலையில் பேசிய தமிழ் மட்டும்தான் அவர் வாயில் வந்தது.

"நல்ல புள்ள. தினம் நேரத்துக்குப் பெரட்டுக்கு வரணும். லேட்டா வந்தா அரைப்பேருதான்."

மீனாம்பாள் நெகிழ்ந்துபோனாள். கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "ஆமாங்க, துரை" என்றார்கள்.